பார்வை எண் இல்லாத மனு

வரைவு அறிவிக்கை ஏதாவது கைக்கு வந்தால், அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. அரசிதழில் வெளியான தேதி என்ன, ஆட்சேபணை அனுப்ப எத்தனை நாள் கெடு, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், இந்த மூன்றையும் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் படிப்பேன். திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தவனுக்கு இது ஊறிப்போன பழக்கம். கெடு தாண்டிய மனுவில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அது வெறும் காகிதம்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்றைக்கு எங்களைப் போல எழுதுகிறவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். பட்டா பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, வண்டிப்பாதை ஆக்கிரமிப்பு. வருகிறவர்கள் பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். குறுக்கிடாமல் கேட்க வேண்டும். எழுதும்போது ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அதற்குக் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி உண்டு. முன்பு கொடுத்த மனுவின் எண், தாசில்தாரின் கடித எண், அரசாணை எண், இப்படி ஏதாவது ஒன்று அங்கே வர வேண்டும். அந்த வரி காலியாக இருந்தால் மனு ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற குறிப்போடு மேசை மேசையாகக் கீழே இறங்கிப்போகும். எண் இருந்தால் ஒரு கிளார்க்காவது எழுந்துபோய்க் கோப்பைத் தேடியாக வேண்டும். பின்னால் நான் செய்யப்போன வேலைக்கு இந்த ஒரு வரி அறிவுதான் முதலீடு.

அந்த வேலை இதுதான். சட்டமாகவோ விதியாகவோ ஆகப்போகிற வரைவை, அது யார் தலையில் விழப்போகிறதோ அவர்களிடம் கொண்டுபோய்ப் படித்துக்காட்டுவது; அவர்கள் சொல்வதை எழுதி, ஷரத்து எண்ணோடு டெல்லிக்கோ கோட்டைக்கோ அனுப்புவது. எங்கள் குழுவுக்குப் பதிவும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. இரண்டு மூன்று வக்கீல்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஒரு சர்வேயர், நான். பிள்ளைகள் இதைக் ‘கிரவுட்சோர்சிங்’ என்பார்கள். சர்வேயர் ‘ஊர்வலம் போகாத போராட்டம்’ என்று கேலி செய்வார்.

இதற்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1897-இல் வெள்ளைக்காரன் போட்ட ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்டில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு விதியை முன்கூட்டி வெளியிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று தாய்ச் சட்டம் சொல்லியிருந்தால், வரைவை வெளியிட்டு, வருகிற ஆட்சேபணைகளைப் பரிசீலித்தே ஆக வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986 இதற்கு 60 நாள் தருகின்றன. ஆனால் நாடாளுமன்றத்துக்கு நேராகப் போகிற மசோதாவுக்கு இப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. 2014-இல் மத்தியச் சட்ட அமைச்சகம் ஒரு கொள்கை கொண்டுவந்தது: எந்த மசோதா வரைவும் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், எளிய நடையில் விளக்கக் குறிப்பு இருக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும், அதை அமைச்சரவைக் குறிப்போடு சேர்க்க வேண்டும். படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். கொள்கைதானே, சட்டம் இல்லையே! மீறினால் கேட்பாரில்லை. 2020-இல் மூன்று வேளாண் சட்டங்களும் ஜூன் மாதம் முதலில் அவசரச் சட்டமாகவே வந்து இறங்கின. அவற்றுக்கு வட்டம் போட என் பென்சிலுக்குத் தேதியே இல்லை.

இந்த உலகம் எனக்குத் தெரியவந்தது 2015-இல் தொடங்கிய ஒரு விவகாரத்தால். அதுவரை இணையம் என்றால் சிட்டா எடுக்கிற இடம், அவ்வளவுதான். அந்த மார்ச் கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 118 பக்கத்துக்கு ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, 20 கேள்வி கேட்டது. எல்லாச் செயலிக்கும் ஒரே கட்டணமா, கம்பெனிகள் இஷ்டத்துக்குப் பிரித்துக்கொள்ளலாமா என்பது விஷயம். இளைஞர்கள் சிலர் அதைச் சுருக்கி, பதில்களையும் தயார்செய்து, ஒரு பொத்தானை அழுத்தினால் மின்னஞ்சல் போகிற மாதிரி வைத்துவிட்டார்கள். 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போனது. டிராய் அத்தனையையும் வெளியிட்டது, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு! மனு கொடுத்தவன் விலாசத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கதை.

அந்த வருஷக் கடைசியில் டிராய் இன்னோர் அறிக்கை போட்டது. இந்த முறை கேள்வி நான்கே நான்கு. இப்போது பொத்தான் வித்தையைக் கையில் எடுத்தது ஃபேஸ்புக். குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவாகப் பயனர்களை லட்சக்கணக்கில் அனுப்பவைத்தது. இவை நாங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இல்லையே என்று டிராய் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, செயலிக்கொரு கட்டணம் வைப்பதைத் தடைசெய்யும் ஒழுங்குமுறை வந்தது. இதை எனக்குச் சொன்னது சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். பட்டா விஷயமாக மனு எழுத வந்தவள், நான் எழுதிய ‘பார்வை’ வரியைப் பார்த்துவிட்டு, “இதைத்தான் சார் டிராய் கேட்டது” என்றாள். அவள்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்துவந்தாள்.

முதல் பெரிய வேலை 2018-இல். ஏப்ரல் 18-ஆம் தேதி கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைவு வந்தது. 60 நாள். பொன்னேரி தாலுகா கடற்கரையில், பழவேற்காட்டைச் சுற்றியிருக்கிற குப்பங்களுக்குப் போனோம். ஊருக்குள் நுழைந்ததும் பஞ்சாயத்தாரைப் பார்க்க வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் ஏலக் கொட்டகையில் பாய் விரிப்பார்கள். நேரமும் அவர்கள் சொல்கிறதுதான். படகு கரை சேர்ந்து, மீன் போய், சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு. காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று ஒரு தொண்டு நிறுவனம் நோட்டீஸ் அடித்து வந்து, வெறும் நாற்காலிகளோடு பேசிவிட்டுப் போனதை அங்கே இன்றைக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள்.

வரைவை முழுக்கப் படிப்பது வேலைக்காகாது. எந்த ஷரத்து இந்த ஊருக்குள் வருகிறது என்று பொறுக்க வேண்டும். அந்த வரைவில் கிராமப்புறக் கடற்கரையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் அங்கே கட்டடம் கட்டக் கூடாத பகுதி உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் மட்டும்; இல்லையென்றால் பழையபடி 200 மீட்டர். இதைத் தமிழில் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வலை முடிந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்காமலே கேட்டார்:

“இன்னா ரைட்டரே, 2161 பேர்னு எதைச் சேத்து எண்ணுவான்? எங்க குப்பத்தையா, ரெவின்யூ கிராமத்தையா?”

எங்களோடு வந்திருந்த இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரே விளக்கினார். குப்பத்தை மட்டும் எடுத்தால் காலை நீட்டிப் படுக்க இடமில்லாத நெருக்கம். வருவாய் கிராமம் என்று எடுத்தால் ஏரி, சவுக்குத் தோப்பு, மணல் மேடு எல்லாம் கணக்கில் வந்து, ஆளே இல்லாத ஊர் மாதிரி ஆகிவிடும். முதல் கணக்குப்படி 50 மீட்டர், இரண்டாவது கணக்குப்படி 200 மீட்டர். எந்தக் கணக்கு யாருக்கு லாபமோ அதை எடுத்துக்கொள்ள வழி திறந்து கிடக்கிறது. வரைவை நாங்கள் அத்தனை முறை படித்திருந்தோம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் எல்லைக்கோடு வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நிலத்தில் நிற்கிறவருக்குத் தோன்றியது.

இன்னோர் அம்மா, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தவர், வேறு கேள்வி கேட்டார். “கிட்ட கட்டலாம்னா எங்களுக்கா, ரிசார்ட்டுக்காரனுக்கா? எங்களுக்குன்னா வீட்டுக்கு மட்டும்னு எழுதச் சொல்லு. வல காய வைக்கிற எடம் யார் பேர்லயும் கெடையாது, அதைத்தான் மொதல்ல கேப்பான்.” கடற்கரைப் புறம்போக்கில் படகு நிறுத்துவதும் வலை உலர்த்துவதும் கருவாடு காயவைப்பதும் எந்த ஆவணத்திலும் ஏறாத அனுபோகம். மனு எழுதுகிறவனாக எனக்கு அது உடனே பிடிபட்டது. ஆவணத்தில் இல்லாத அனுபோகத்தைக் காப்பாற்ற ஒரே வழி, அது இருக்கிறது என்று எங்காவது எழுத்தில் ஏற்றிவிடுவதுதான்.

அன்றைக்கு நான் எழுதிய முறையில்தான் இன்றைக்கும் எழுதுகிறேன். முதல் வரியில் ஷரத்து எண், அதுதான் பார்வை. அடுத்து, இந்த ஷரத்து எங்கள் ஊரில் என்ன செய்யும் என்பது, சொன்னவர் வாய்மொழியிலேயே. கடைசியாக, எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லைப் போட வேண்டும். ‘வரைவை வாபஸ் வாங்கு’ என்று மட்டும் எழுதினால், எதிர்ப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு விழும், அத்தோடு சரி. வாபஸ் வாங்கு என்றும் எழுதலாம், தப்பில்லை; வாங்காவிட்டால் இந்தச் சொல்லையாவது மாற்று என்று கூடவே எழுத வேண்டும். இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை உண்டு. திருத்தம் சொன்னால் வரைவை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாதா என்பார் ஒரு வக்கீல். தாசில்தாரிடம் பட்டா கேட்கிறவன் தாசில்தாரை ஏற்றுக்கொண்டா கேட்கிறான் என்பேன் நான்.

2019 ஜனவரி 18-இல் இறுதி அறிவிக்கை வந்தது. 2161-உம் 50 மீட்டரும் அப்படியே இருந்தன.

அடுத்தது 2020. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு. மார்ச் 23 தேதியிட்டது, அரசிதழில் வந்தது ஏப்ரல் 11. நாடே பூட்டிக் கிடந்த நேரம். பேருந்து இல்லை, திங்கட்கிழமை மனுநாள் இல்லை, எனக்கு வருமானமும் இல்லை. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின் இடத்தில் உட்காரப்போகிற 83 பக்க வரைவு, இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும். முதலில் 60 நாள், பிறகு ஜூன் 30 வரை. அதற்கும் மேல் நீட்டித்தது டெல்லி உயர் நீதிமன்றம். ஜூன் 30-ஆம் தேதி தந்த உத்தரவில் கெடுவை ஆகஸ்ட் 11-க்குத் தள்ளி, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருக்கிற 22 மொழிகளிலும் பத்து நாளில் வரைவை வெளியிடச் சொன்னது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 11 வந்துவிட்டது. அரசின் தமிழ்ப் படி எங்கள் கைக்கு வரவில்லை.

படி வரட்டும் என்று யார் காத்திருப்பது? ஊருக்குப் போக முடியாதபோது வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்பினோம். ஒரு பதிவுக்கு ஒரே ஒரு ஷரத்து, இரண்டு நிமிடத்துக்குள். முதலில் ஷரத்து சொல்வதைச் சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் இது நடந்தால் என்ன ஆகும்? பதிலையும் குரலிலேயே அனுப்பச் சொன்னோம். கல்லூரிப் பிள்ளைகள் கேட்டு எழுதினார்கள். பின்னணியில் மாடு கத்தும், குழந்தை அழும், யாரோ சண்டை போடுவார்கள். எழுத்தில் வந்திருந்தால் ‘ஐயா, வணக்கம்’ என்று ஆரம்பித்து அப்படியே விறைத்துப் போயிருப்பார்கள். குரலில் கொட்டினார்கள்.

எல்லோரும் பேசியது 22-ஆம் ஷரத்தைப் பற்றி. முன் அனுமதி வாங்காமல் கட்டி முடித்துவிட்டு, பிறகு அபராதம் கட்டி அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இப்படிப் பின்னால் தருகிற அனுமதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சொல்லியிருந்தது. மே 7-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் விஷவாயு கசிந்து ஊரே தெருவில் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவர்கள். அந்த ஆலையும் சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் ஓடியது என்ற செய்தியைச் சொன்னபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதே ஷரத்தில் இன்னொன்று இருந்தது. விதிமீறலை ஆலைக்காரரே வந்து சொல்லலாம், அரசு அதிகாரி சொல்லலாம், மதிப்பீட்டுக் குழு சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் என்ன ஆகும் என்பது பட்டியலில் இல்லை. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அனுப்பிய பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. “திருடன் வந்து நான்தான் திருடினேன்னு சொல்லணும், இல்ல போலீஸ் சொல்லணும். நக தொலைச்சவ சொல்லக் கூடாதா?” அதை அப்படியே மொழிபெயர்த்து, ஷரத்து எண் போட்டு, ‘பாதிக்கப்படும் எந்த நபரும்’ என்ற சொற்களைச் சேர்க்கக் கோரி அனுப்பினோம்.

எனக்குப் பிடித்தது வேறொரு கருத்து, அது எந்தச் செய்தியிலும் வந்திருக்காது. பழைய அறிவிக்கைப்படி ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று அறிக்கை தர வேண்டும். வரைவு அதை வருஷத்துக்கு ஒன்றாக ஆக்கியது. பார்த்தால் சின்ன விஷயம், பிள்ளைகள் பட்டியலில் கீழே போட்டிருந்தார்கள். கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிக்கிறவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்தால் கோடையில் சாம்பல் ஆற்றில் அடை அடையாகப் படிந்து கிடக்கும், யார் வந்தாலும் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் எல்லாம் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். “வருசத்துக்கு ஒரு தடவன்னா மழைக்கு அப்பால எழுதுவான், ஆறு சுத்தமா கீதுன்னு.” மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு அறிக்கை வேண்டும், எந்த மாதங்களில் என்று ஷரத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று எழுதினோம். சர்வேயர் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டார்.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னறிவிப்பு 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைந்ததைப் பற்றியும் நிறையப் பேர் பேசினார்கள். அந்தக் கூட்டங்களை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், 30 நாளே போதாது. அறிவிப்பு ஏதோ ஓர் உள்பக்கத்தில் வரும். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். தமிழில் கிடைப்பது அதன் சுருக்கம் மட்டும்.

அந்த ஜூலையில் தமிழ்நாடே இதைப் பேசியது. நடிகர் கார்த்தி அறிக்கை விட்டார், சூர்யா ஆதரித்தார், வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினார்கள். இதே வேலையைச் செய்த மூன்று சுற்றுச்சூழல் குழுக்களின் தளங்கள் முடங்கின. அதில் ஒன்றுக்கு டெல்லி போலீஸ் அனுப்பிய நோட்டீஸில் பயங்கரவாத வழக்குகளுக்கான ஊபா சட்டம்கூட இருந்தது. பிறகு தவறுதலாக வந்துவிட்டது என்றார்கள். கருத்துச் சொல்லுங்கள் என்று அமைச்சகம் கேட்கிறது, சொல்லவைத்தவனுக்கு நோட்டீஸ் வருகிறது. மனுநாளில் மனு எழுதியவனைப் பிடித்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்ச நாள் தூக்கம் வரவில்லை, மறைப்பானேன்.

கடைசியில் 15 லட்சத்துக்கும் மேல் கருத்துகள் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலானவை அச்சுப் பிரதி. எனக்கு அதில் வருத்தம் இருந்தது. டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டேன், இதையெல்லாம் யார் சார் படிக்கிறார்கள் என்று. ஒரே வாசகம் உள்ளவற்றை முதலில் ஒன்றாகக் கட்டி எண்ணிக்கை போட்டுவிடுவோம் என்றார். மீதியை ஷரத்து வாரியாக எக்செல் தாளில் ஏற்றுவோம். ஷரத்து எண் இல்லாதவை ‘பொது’ என்ற கட்டத்துக்குப் போகும். “பொது கட்டத்தை யாரும் திறக்க மாட்டாங்க,” என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தார்.

இருந்தாலும் அந்த எண்ணிக்கையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த வரைவு இன்றுவரை இறுதியாகவில்லை. 15 லட்சத்துக்குப் பதில் 1500 வந்திருந்தால் அந்த டிசம்பருக்குள் இறுதி அறிவிக்கை வந்திருக்கும் என்பது என் கணிப்பு. கூட்டம் கதவைச் சாத்தவைத்தது. ஆனால் ஜன்னல் வழியாக வந்தார்கள். 2021 ஜூலை 7-ஆம் தேதி ஓர் அலுவலகக் குறிப்பாணை, விதிமீறல்களை எப்படிக் கையாள்வது என்று. அலுவலகக் குறிப்பாணைக்கு 60 நாளும் கிடையாது, ஆட்சேபணையும் கிடையாது. பிறகு அது கோர்ட்டுக்குப் போனது. 2025 மே 16-இல் பின்-அனுமதி கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; நவம்பர் 18-இல் மூன்று நீதிபதிகளில் இருவர் பெரும்பான்மையாக அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றார்கள். 22-ஆம் ஷரத்தின் ஆயுசு கெட்டி.

எண்ணிக்கை எப்போதும் கைகொடுக்கும் என்றும் சொல்வதற்கில்லை. வன (பாதுகாப்பு) திருத்த மசோதாவுக்காக 2023-இல் நாடாளுமன்றக் கூட்டுக் குழு கருத்துக் கேட்டது. ஆயிரத்துக்கும் மேல் மனுக்கள் போயின. குழு ஒரு மாற்றமும் பரிந்துரைக்காமல் மசோதாவைத் திருப்பி அனுப்பியது. வக்ஃபு மசோதாக் குழுவுக்கு 2024-இல் வந்தவை 97 லட்சத்துக்கும் மேல். ஆதரவும் எதிர்ப்பும் போட்டி போட்டுக்கொண்டு அனுப்பின. 97 லட்சத்தை எந்தக் குழு உட்கார்ந்து படிக்கும்? தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா வரைவு 2022 நவம்பரில் வந்தபோது, வருகிற கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று முதலிலேயே எழுதிவிட்டார்கள். அடுத்தவர் என்ன எழுதினார் என்று தெரியாவிட்டால், நம் கருத்து ஏற்கப்பட்டதா, எதிர்க் கருத்து ஏற்கப்பட்டதா என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. 2015-இல் டிராய் முகவரிகளையும் சேர்த்துக் கொட்டியது ஒரு கோடி, இது மறு கோடி. பெயரை மறைத்துக் கருத்தை வெளியிடுவதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவே இல்லை.

பிரேசிலில் இணைய உரிமைச் சட்டத்தை 2009-இல் இப்படித் திறந்துவைத்து, ஷரத்து ஷரத்தாக மக்கள் கருத்தைப் பக்கத்திலேயே காட்டி வரைந்தார்கள். சட்டமாக 2014 ஆகிவிட்டது. தைவானில் ஒரு முறை இருக்கிறது: அடுத்தவர் சொன்ன கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம், பதில் எழுத மட்டும் முடியாது. சண்டைக்கு இடமில்லை, யார் யார் எதில் ஒத்துப்போகிறார்கள் என்று தானாகத் தெரிந்துவிடும். இதைக் கேட்டதிலிருந்து எங்கள் ஏலக் கொட்டகையிலும் கை தூக்கச் சொல்லிப் பார்க்கிறேன். பஞ்சாயத்துத் தலைவர் கை தூக்கும்வரை ஒருவரும் தூக்க மாட்டார்கள். அதனால் பெண்களோடு தனியாக உட்காருகிறோம், இளவட்டங்களோடு தனியாக.

டெல்லியைச் சொல்லிக்கொண்டே இருந்தால் கோட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். நம் மாநிலத்தில் நிலைமை இதைவிட மோசம் என்பேன். மத்திய அரசு மீறுவதற்காவது ஒரு கொள்கை வைத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 21, சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா அன்றைக்கு நிறைவேறியது. அதே நாளில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதாவும் நிறைவேறியது. ஏரி, ஓடை உள்ள நிலத்தைப் பெரிய திட்டங்களுக்குச் சேர்த்து எடுக்க வழிசெய்கிற சட்டம். இரண்டின் வரைவும் முன்கூட்டி எங்கள் கண்ணில் படவில்லை. 12 மணி நேர மசோதாவைத் தொழிற்சங்கங்கள் கூடி எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, மே தினத்தில் முதல்வர் வாபஸ் என்று அறிவித்தார். நில ஒருங்கிணைப்புச் சட்டத்துக்குச் சங்கம் இல்லை. அது புத்தகத்தில் ஏறிவிட்டது. செங்கல்பட்டு, திருவள்ளூர் ஏரிப் பாசன விவசாயிகளிடம் ஒரு மாதம் முன்னால் அந்த வரைவைக் கொண்டுபோயிருந்தால், வரத்துக் கால்வாய் என்ற ஒரு சொல்லுக்கே பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் எழுதுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். அனுப்பிய ஒவ்வொரு கருத்துக்கும் நகல் வைக்கிறேன், ஒப்புகை வந்தால் அதையும் சேர்த்துத் தைத்து வைக்கிறேன். சட்டம் வந்த பிறகு கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். இப்படி ஆகும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லப்பட்டது, சொல்லியும் பரிசீலிக்கவில்லை என்று காட்டத் தேதியோடு ஒரு காகிதம் வேண்டும். மின்னஞ்சல் பெட்டி நிரம்பித் திரும்பி வந்த அஞ்சலையும் நான் அழிப்பதில்லை. அதுவும் ஒரு சாட்சி.

இப்போது புதுத் தலைவலி ஒன்று வந்திருக்கிறது. போன வரைவுக்கு ஒரு கல்லூரியிலிருந்து கட்டுக்கட்டாகக் கருத்துகள் வந்தன. இலக்கணப் பிழை இல்லை, ஷரத்து எண் அட்சரம் பிசகாமல் இருக்கிறது, மாற்றுச் சொல்கூடத் தந்திருக்கிறார்கள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த அதே முறை. ஆனால் எந்தக் கருத்திலும் ஓர் ஊர் இல்லை, ஓர் ஆறு இல்லை, ஒரு மாதம் இல்லை. சாட்ஜிபிடியிடம் வரைவைக் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். டெல்லியில் இதைக் கட்டிவைக்க ஒரே வாசகம் வேண்டும் என்பதுகூட இல்லை. அங்கேயும் அதே கருவி படித்து, அதே கருவி சுருக்கிக் கொடுத்துவிடும். அந்தப் பிள்ளைகளை அழைத்துப் பேசினேன். ஒரு பையன் விடவில்லை. “அங்கிள், எண்ணிக்கையாலதான் 2020 நின்னுச்சுன்னு நீங்களேதானே சொன்னீங்க? வாசகம் வேற வேறயா இருந்தா ஒண்ணாக் கட்ட முடியாது. அப்போ எண்ணிக்கையும் கூடும், ஷரத்து கட்டத்துலயும் விழும். இதுல என்ன தப்பு?”

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போதைக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். எழுதுவதற்கு முன் இரண்டு நிமிடம் குரலில் பேசி அனுப்ப வேண்டும், உங்கள் ஊரில் என்ன ஆகும் என்று. அதை வைத்துக்கொண்டு எந்தக் கருவியால் வேண்டுமானாலும் இங்கிலீஷ் ஆக்கட்டும். அந்தப் பையனுக்குச் சொந்த ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம். அவனுடைய பதிவுக்காகக் காத்திருக்கிறேன். தாத்தாவிடம் ஏரி மதகைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது, சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.